குடை விரிந்து கூடாரமான கதை

ஒரே ஒரு சொல்லை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். ருஷ்யர் கூடாரத்தை ‘ஷத்யோர்’ என்பர். செர்பியர் ‘ஷாதோர்’ என்பர். துருக்கிய நாடோடிகளிடமிருந்து ஸ்லாவியர் பெற்ற சொல் இது என்பதே ருஷ்யச் சொற்பிறப்பு அகராதி கண்ட மாக்ஸ் ஃபாஸ்மரின் முடிபு. அலைந்து திரிதலைக் குறிக்கும் ‘ஷதாத்ஸ்யா’ என்ற வினை ருஷ்யத்திலேயே இருக்க, அலைகிறவன் வீடு அதிலிருந்து பெயர் பெறலாகாதா எனக் கேட்கலாம். ஆனால் அனத்தோலியாவின் ‘சாதிர்’, கசாக்கியரின் ‘ஷதிர்’ எல்லாம் ருஷ்ய வினையொன்றில் பிறந்திருக்க வழியில்லை. சகரம் ஷகரமானதும் தடையன்று. கசாக்கியத்தில் அம்மாற்றம் இன்றும் கண்கூடு, அத்தகைய கிளைமொழி ஒன்றே சொல்லைத் தந்திருக்க வேண்டும். இதனினும் வலிய தடை, இணைத்தலைக் குறிக்கும் ‘சத்’ என்னும் துருக்கிய வினையே வேர் என்பது. அவ்வேர் பாரசீகத்தில் குடைக்கு வழங்கும் ‘சத்ர்’ என்ற சொல்லை விளக்காது. மூடுதல் என்னும் பொருளுடைய வடமொழி வேரில் பிறந்து குடையைக் குறிக்கும் சத்திரமோ இரண்டையும் விளக்கும். நடுவே கோல் நிற்க, சுற்றிலும் துணி சரிய நிற்பதில் குடையும் கூடாரமும் ஒன்றே. சத்திரபதி என்ற பட்டத்தில் நாம் காணும் அரசகுடைதான் பாரசீகம் கடந்து, புல்வெளி கடந்து, ஸ்லாவியர் நாவில் தங்கியது என்பதே என் துணிபு.

ருஷ்யரிடையே அச்சொல் பெற்ற மதிப்பு வியக்கத்தக்கது. பழைய ருஷ்ய ஆண்டுவரலாற்று நூல், பொலோவ்த்சி நாடோடிகளின் இருப்பிடங்களை ‘வேஜா’ என்ற ஸ்லாவியச் சொல்லால் குறிக்கிறது. நாடோடியிடம் வாங்கிய சொல்லையோ தன் இளவரசனின் கூடாரத்துக்கு இடுகிறது. பெச்செனேகிய நாடோடிகள் மீது படையெடுத்துத் திரும்பிய இளவரசர் போரிஸ், 1015இல் அல்தா ஆற்றங்கரையில் தம் ஷத்யோரில் வேண்டுதலில் இருந்தபோதுதான் கொலையாளிகள் சூழ்ந்தனர். தமையனுக்கு எதிராக வாளெடுக்க மறுத்து உயிர்நீத்த அவரைத் தம்பி கிளேபுடன் ருஷ்யத் திருச்சபை தன் முதற்புனிதராக வணங்குகிறது. 1532இல் மாஸ்கோவை அடுத்த கொலோமென்ஸ்கயேவில் எழுந்த ஆண்டவர் விண்ணேற்ற ஆலயத்தின் கூர்ங்கோபுரமும் கூடார வடிவினதே. அக்கட்டடப் பாணிக்குப் பெயரே ‘ஷத்ரோவி’.

அந்நியச் சொல் திருமறைக்குள் நுழையலாமா என்று ஐயுறுவோர்க்கு, 1876இல் நிறைவுற்ற ருஷ்யத் திருமறை மொழிபெயர்ப்பே விடை. இஸ்ரவேலரின் ஆசரிப்புக் கூடாரத்தைக் கிரேக்க வழிச் சொல்லான ‘ஸ்கீனியா’ என்றே அது வைத்துக்கொண்டது. நம் தமிழ்த் திருமறை அதையும் ஆபிரகாமின் இருப்பிடத்தையும் கூடாரம் என்றே சொல்லும். ஆனால் மம்ரே சமபூமியில், பகலின் உஷ்ணவேளையில், ஆபிரகாம் அமர்ந்து மூன்று விருந்தினரை எதிர்கொண்டது ருஷ்யர்க்கு ஷத்யோரின் வாசலில்.