தங்கம் தேடப் போய் மின்சாரம் கண்டவர்



உயர்தரப் பெறுபேறு வந்ததும் எங்கள் ஊரில் கேட்கிற கேள்விகள் இரண்டுதான். மருத்துவமா, பொறியியலா? இரண்டும் இல்லையென்றால் கட்டாருக்கு எப்போது பயணம்? வெயிலிலும் காற்றிலும் தண்ணீரிலும் மின்சாரம் எடுக்கிற தொழிலைப் பற்றி நாம் பிள்ளைகளோடு பேசுவதே இல்லை. கூரையில் சோலார் பூட்ட வருகிறவரைக் "கரண்ட் வேலைக்காரப் பொடியன்" என்று சொல்லி முடித்துவிடுகிறோம். ஆனால் இந்த நாட்டில் அந்தத் தொழிலுக்கு நூறு வருடத்துக்கு மேற்பட்ட வரலாறு இருக்கிறது.

டி. ஜே. விமலசுரேந்திர 1874இல் காலியில் பிறந்தார். தகப்பன் ஒரு கைவினைஞர். மகன் ஆனந்தா கல்லூரியில் படித்து, பொது வேலைத் திணைக்களத்தில் பொறியியலாளரானார். களனி கங்கையின் மேற்பகுதியில் தங்கம் கிடைக்குமா என்று பார்க்க வெள்ளைக்கார அரசாங்கம் அவரை அனுப்பியது. அவருடைய கண்ணில் பட்டது லக்சபான, அபர்டீன் நீர்வீழ்ச்சிகள். தண்ணீர் விழுகிற உயரமும் வருகிற அளவும் தெரிந்தால் எவ்வளவு மின்சாரம் எடுக்கலாம் என்று கடதாசியிலேயே பார்த்துவிடலாம். எங்கள் பௌதிகவியல் மாணவர்கள் செய்கிற அதே கணக்குத்தான்.

அவர் கணக்கோடு நிற்கவில்லை. நுவரெலியா நகருக்கு வெளிச்சம் கொடுக்க, நானுஓயாப் பக்கம் பிளக்பூலில் சிறிய நீர்மின் நிலையம் ஒன்றை 1912இல் அமைத்தார். 1918இல் இலங்கைப் பொறியியல் சங்கத்தில் ஓர் ஆய்வுரை சமர்ப்பித்தார்: கெஹெல்கமு ஓயா, மஸ்கெலிய ஓயா இரண்டின் தண்ணீரிலும் நாட்டுக்கே மின்சாரம் எடுக்கலாம் என்று. மேலிடத்தில் இருந்தவர்கள் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. 1924இல் தொடங்கிய வேலையும் பணமில்லை என்று இடையில் நின்றது. மனிதர் விடவில்லை. ஓய்வுபெற்ற பின் 1931இல் இரத்தினபுரியிலிருந்து அரசாங்க சபைக்குத் தெரிவாகி, அங்கேயும் இதையே பேசினார்.

1950இல் லக்சபான முதல் கட்டம் 25 மெகாவாற்றுடன் இயங்கியபோது அவருக்கு வயது 76. மூன்று வருடத்தில் காலமானார். நோர்ட்டன் பிரிட்ஜில் 1965இல் வந்த மின்நிலையத்துக்கு அவருடைய பெயரையே வைத்தார்கள்.

இதில் இன்னொரு பக்கமும் இருக்கிறது, அதை மறைத்துச் சொன்னால் வரலாறு ஆகாது. மவுஸ்சாகலை நீர்த்தேக்கத்துக்காகப் பழைய மஸ்கெலியா நகரம் தண்ணீருக்குள் போனது. வரட்சியில் நீர் வற்றும்போது பழைய கோயிலும் பள்ளிவாசலும் வெளியே தெரியும். இன்று மன்னாரில் காற்றாலைகள் நிற்கின்றன. அங்கும் மீனவர்களுக்கும் பறவைகளைக் கவனிக்கிறவர்களுக்கும் கேள்விகள் உண்டு. ஆகவே விலங்கியல் படித்த பிள்ளைக்கும் புவியியல் படித்த பிள்ளைக்கும் இந்தத் துறையில் வேலை இருக்கிறது. பொறியியல் பீடம் மட்டுமே வாசல் என்பது நாமே கட்டிய சுவர்.

2022இல் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு. மெழுகுதிரி வெளிச்சத்தில் பிள்ளைகள் படித்ததை நாம் பார்த்தோம். அப்போது டீசல் வாங்க டொலர் இல்லை. 2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறையிலோ, பகலில் மின்சாரம் மிஞ்சுகிறது, கூரைச் சோலாரை நிறுத்தி வையுங்கள் என்று கேட்டார்கள்! மூன்று வருடத்தில் பிரச்சினை தலைகீழாக மாறிவிட்டது. பகலில் மிஞ்சுவதை பற்றரியில் சேமித்து இரவுக்குக் கொடுக்க வேண்டும், வலையமைப்பு விழாமல் பார்க்க வேண்டும், பழுதைக் கண்டுபிடிக்க வேண்டும். அடுத்த இருபது வருடத்துக்கு வேலை அங்கேதான் என்று நாங்கள் நினைக்கிறோம். உயர்தரத் தொழில்நுட்பப் பிரிவில் படித்தவருக்கும், தொழில்நுட்பக் கல்லூரியில் என்.வி.கியூ. சான்றிதழ் எடுத்தவருக்கும் அதில் இடம் உண்டு. பெண் பிள்ளைகளுக்கும்தான், வடிவமைப்பும் கண்காணிப்பும் கணினியில் நடக்கிற வேலைகள்.

பாடத் தெரிவுக்கு வருகிற வாப்பாமாரும் உம்மாமாரும் இதைப்பற்றிக் கேளுங்கள். இன்ஷா அல்லாஹ், உட்கார்ந்து பேச நாங்கள் ஆயத்தம்.