சேவல் கொண்டையிலிருந்து கன்னத்துக்கு

வயதாகி டொக்கு விழுந்த கன்னத்தையும் குழிந்த கண்ணடியையும் ஊசி போட்டு நிரப்பும் ‘ஃபில்லர்’ இன்று பலருக்கும் தெரிந்த சிகிச்சை. கண்ணாடிபோல் தெளிந்த கூழ். ஒரு ஊசிக்குழலில் பெரும்பாலும் ஒரு மில்லிதான். ஐந்து குழல் சேர்ந்தால் ஒரு தேக்கரண்டி நிறையும். இந்தத் துளிக் கூழ் முகத்துக்கு வந்து சேர்ந்த வழியில் காசநோய், எண்ணெய்க் கிணறு, மாட்டுத்தோல், ரொட்டிக்கடை, பந்தயக் குதிரை எல்லாம் குறுக்கிடுகின்றன. அழகு நிலையத்துக்குக் கடைசி இடம்தான்.

முதலில் வந்தது காசநோய். கண்ணுக்குக் கீழே எலும்பைக் காசநோய் அரித்து, தழும்பு குழியாகிப்போன ஒருவருக்கு 1893-ல் நாய்பர் என்ற ஜெர்மன் அறுவை மருத்துவர் ஒரு வழி கண்டார். நோயாளியின் கையிலிருந்தே சிறு சிறு கொழுப்புத் துண்டுகளை எடுத்து அந்தக் குழியில் வைத்தார். நல்ல யோசனைதான். ஆனால் இடம் மாற்றிய கொழுப்பில் எவ்வளவு நிலைக்கும், எவ்வளவு கரையும் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. கரையாத பொருள் ஒன்று வேண்டும் என்று எல்லோரும் தேடத் தொடங்கினார்கள். அடுத்த எழுபது ஆண்டுத் துன்பத்துக்கு விதை போட்டது அந்தத் தேடல்தான்.

அந்தப் பொருள் அமெரிக்க எண்ணெய் வயலில் ஏற்கெனவே கிடந்தது. பென்சில்வேனியாவில் எண்ணெய் இறைக்கும் தண்டுகளில் மெழுகாகப் படிந்ததைத் தொழிலாளர்கள் தீக்காயத்துக்குத் தடவுவதைப் பார்த்த ராபர்ட் செஸ்ப்ரோ, அதைச் சுத்திகரித்து 1872-ல் காப்புரிமை வாங்கினார். நம் வீட்டு அலமாரியில் இருக்கும் வாஸலைன்தான் அது. 1899-ல் வியன்னா மருத்துவர் ராபர்ட் கெர்சூனி, காசநோயால் விதையை இழந்த ஓர் இளைஞருக்கு இந்த மெழுகை ஊசியால் செலுத்தி அந்த இடத்தை நிரப்பினார். செய்தி பரவியதும் அழகு வைத்தியர்கள் பிடித்துக்கொண்டார்கள். சப்பை மூக்கு, சுருங்கிய கன்னம் என எல்லாவற்றுக்கும் பாரஃபின் ஊசி என்றானது.

மெழுகு மெழுகாகவே நடந்துகொண்டது. இடம் பெயர்ந்தது, கட்டியானது, புண்ணானது. பேரழகி என்று ஐரோப்பா கொண்டாடிய கிளாடிஸ் டீக்கன், கிரேக்கச் சிலைபோல் நேரான மூக்கு வேண்டும் என்று இருபது வயதைத் தாண்டியதுமே இந்த ஊசியைப் போட்டுக்கொண்டார். மெழுகு மூக்கிலிருந்து மெல்ல இறங்கி முகத்தைச் சிதைத்தது. பின்னாளில் மார்ல்பரோ கோமாட்டியான அவர், 1977-ல் இறக்கும்வரை அந்த முகத்தோடுதான் வாழ்ந்தார்.

பாடம் ஒரு தலைமுறைகூட நிற்கவில்லை. இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஜப்பானில் தொழிற்சாலைக்கான திரவ சிலிக்கோனை உடலில் ஏற்றினார்கள். ஓரிடத்தில் நிற்கட்டும் என்று அதில் எண்ணெய் கலந்தவர்களும் உண்டு. அந்த வழக்கம் பசிபிக்கைத் தாண்டி லாஸ் வேகஸின் நடன விடுதிகளுக்குப் போனது. உள்ளே போன சிலிக்கோனை முழுதாக வெளியே எடுக்க வழியில்லை. பாதிப்பைப் பார்த்த நெவாடா மாநிலம் 1970-களில் சிலிக்கோன் ஊசியைக் குற்றமாக்கியது.

அதன்பின் மாட்டுத்தோலின் காலம். அதிலிருந்து பிரித்த கொலாஜனுக்கு ‘ஸைடெர்ம்’ என்ற பெயரில் 1981-ல் அமெரிக்கா அனுமதி தந்தது. சிலருக்கு ஒவ்வாமை வரும் என்பதால் முதலில் முன்கையில் சோதனை ஊசி போட்டு வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அப்படிக் காத்திருந்து போட்டுக்கொண்டாலும் சில மாதங்களில் கரைந்துவிடும்.

இன்றைய கூழின் கதை வேறு தடத்தில் ஓடிக்கொண்டிருந்தது. கொலம்பியா பல்கலைக்கழகத்தில் கார்ல் மேயரும் ஜான் பாமரும் 1934-ல் மாட்டுக் கண்ணின் கூழிலிருந்து ஹயலூரானிக் அமிலத்தைப் பிரித்தார்கள். நம் தோலிலும் மூட்டிலும் இருந்து தண்ணீரைப் பிடித்துவைக்கும் பொருள் அது. ஹங்கேரியில் பிறந்த ஆய்வாளர் எண்ட்ரே பாலாஷ் 1942-ல் இதற்குக் காப்புரிமை கேட்டது எதற்குத் தெரியுமா? ரொட்டி, கேக் செய்யும்போது முட்டை வெள்ளைக்கருவுக்குப் பதிலாகச் சேர்க்க! பிறகு அவரே அதைச் சேவல் கொண்டையிலிருந்து மிகத் தூய்மையாக எடுத்தார். அது பந்தயக் குதிரைகளின் மூட்டுக்குள் போனது. கண்புரை அறுவையின்போது கண்ணுக்குள்ளும் போனது.

தோலில் செலுத்தினால் இந்த அமிலம் ஓரிரு நாளில் காணாமல் போய்விடும். ஸ்வீடனின் உப்சாலா நகரத்தில் பெங்க்ட் ஓகெரூப் தொடங்கிய க்யூ-மெட் நிறுவனம், பாக்டீரியாவை வளர்த்து அமிலத்தைத் தயாரித்து, அதன் இழைகளை ஒன்றோடொன்று பிணைத்தது. பிணைந்த கூழ் மாதக்கணக்கில் நின்றது. ‘ரெஸ்டிலேன்’ 1996-ல் ஐரோப்பாவுக்கும் 2003-ல் அமெரிக்காவுக்கும் வந்தது. பிரான்ஸும் தென்கொரியாவும் தங்கள் கூழ்களோடு பின்னாலேயே வந்தன.

இந்தப் பயணத்திலேயே எனக்குப் பெரிதாகப் படுவது வேறொன்று. 1928-ல் டுரான்-ரெய்னால்ஸ் என்ற ஆய்வாளர், விலங்குகளின் விதையிலிருந்து எடுத்த சாறு தோலுக்குள் வைரஸ் வேகமாகப் பரவ வழிவிடுவதைக் கவனித்தார். ஹயலூரானிக் அமிலத்தைக் கரைக்கும் நொதி அந்தச் சாற்றில் இருந்தது பின்னால் தெரிந்தது. கெர்சூனி எந்த உறுப்பின் இடத்தை நிரப்பக் கரையாத மெழுகைத் தேடினாரோ, அதே உறுப்பில்தான் கரைக்கும் மருந்து இருந்திருக்கிறது. தவறிய ஊசியைத் திருத்த மருத்துவர் கையில் முதன்முறையாக ஒரு வழி வந்தது.

முகம் ஏன் வற்றுகிறது என்பதும் இதற்கிடையில் தெளிவானது. அமெரிக்காவின் டாலஸில் ரோரிச், பெஸ்ஸா என்ற மருத்துவர்கள் இறந்தவர்களின் முகங்களில் சாயம் செலுத்திப் பார்த்து 2007-ல் வெளியிட்ட ஆய்வு, முகக் கொழுப்பு ஒரே படலம் அல்ல என்று காட்டியது. பலாச்சுளைகள்போல் தனித்தனி அறைகளில் அது இருக்கிறது. அறைக்கு அறை வற்றும் வேகமும் வேறு. தோலை இழுத்துத் தைப்பதைவிட வற்றிய அறையை நிரப்பலாம் என்ற எண்ணம் அதனால் வலுத்தது. வயிற்றுக் கொழுப்பை உறிஞ்சி எடுக்கும் முறை 1970-களில் வந்தபின், அந்தக் கொழுப்பையே முகத்தில் செலுத்தும் முறையும் வளர்ந்தது. நாய்பரின் யோசனைக்கு மறுவாழ்வு!

ஆனால் நிரப்புதல் வெறும் அழகு விஷயம் இல்லை என்று உலகுக்குக் காட்டியவர்கள் எச்.ஐ.வி. நோயாளிகள். உயிர் காத்த ஸ்டாவுடின் போன்ற மாத்திரைகளே கன்னக் கொழுப்பைக் கரைத்தன. ஒட்டிய கன்னம் நோயைத் தெருவுக்குச் சொல்லிவிட்டது. கரையும் தையல் நூல்களின் குடும்பத்தைச் சேர்ந்த பாலிலாக்டிக் அமில ஊசிக்கு 2004-ல் அமெரிக்கா அனுமதி தந்தது அவர்களுக்காகத்தான். அதே ஆண்டு தாம்பரம் அரசு மருத்துவமனையில் இலவச கூட்டுமருந்து சிகிச்சை தொடங்கியது. அந்தக் கூட்டிலும் ஸ்டாவுடின் இருந்தது. ஆனால் கன்னத்தை நிரப்பும் அந்த ஊசி அங்கே இல்லை. முகம் வற்றியதால் வேலையையும் உறவையும் இழக்க அஞ்சியவர்களுக்கு, நிரப்பும் ஊசி ஆடம்பரம் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது.

ஆபத்தான குறுக்குவழிகள் இன்னும் ஓயவில்லை. ஊசியில்லாமல் அழுத்தத்தால் கூழைச் செலுத்தும் ‘பேனா’க்களை வாங்கித் தாமே போட்டுக்கொள்ள வேண்டாம் என்று அமெரிக்க மருந்துத் துறை 2021-ல் எச்சரித்தது. நல்ல கூழேகூட இரத்தக்குழாய்க்குள் போய்விட்டால் தோல் கருகும், அரிதாகப் பார்வையும் போகும். ஆகவே போட்டுக்கொள்ள நினைப்பவர்கள், முகத்தின் இரத்தக்குழாய்களை அறிந்த மருத்துவரிடம் மட்டும் போங்கள். பெட்டியை உங்கள் கண்முன் பிரிக்கச் சொல்லி என்ன பொருள் என்று படியுங்கள். அதைக் கரைக்க முடியுமா, கரைக்கும் மருந்து இப்போது கைவசம் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லை என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.