மிதிவெடி அகற்றுநர் (வன்னி): பாதுகாப்பும் சம்பளமும்

முல்லைத்தீவு மாவட்டத்தில், ஏ-9 வீதியில் முல்லைத்தீவு வீதி பிரியும் சந்தி மாங்குளம். 1990 நவம்பரில் இங்கிருந்த படைமுகாம் வீழ்ந்தது. 2009 வரை போர் பலமுறை இவ்வூரைக் கடந்தது. மண்ணில் மிதிவெடிகள் எஞ்சின. அதனால் இவ்வூர் அடங்கிய வன்னியில் தொழிற்பாதுகாப்பு என்றால் முதலில் நினைவுக்கு வருவது மிதிவெடி அகற்றும் பணிதான்.

ஹலோ டிரஸ்ட், மாக், டாஷ், ஷார்ப் ஆகிய அமைப்புகளும் இராணுவமும் இதில் ஈடுபட்டன. பணியாளர்களுள் பெண்கள் பலர். கணவனை இழந்து குடும்பத்தைத் தாங்குவோரும் உளர். முகக்கவசமும் காப்பு அங்கியும் அணிந்து, குந்தியிருந்து, வாரியால் மண்ணை மெல்ல இழுத்துப் பார்ப்பார்கள். வெயிலில் அந்த அங்கியே ஒரு சுமை. ஒருவருக்கொருவர் இடைவெளி விட்டே வேலை செய்வர். மருத்துவ உதவியாளருடன் நோயாளர் காவு வண்டியும் அருகிலேயே நிற்கும்.

சம்பளம் பெரும்பாலும் வெளிநாட்டு நிதியிலிருந்து வருகிறது. பயிற்சி, பொறுப்பு உயர உயர அதுவும் உயரும். நிதி நின்றால் வேலையும் நிற்கும். இத்தொழிலின் பெருங்குறை இதுவே. சட்டப்படி, ஊழியர் சேமலாப நிதிக்குச் சம்பளத்தில் ஊழியர் 8, தொழில்தருநர் 12 வீதம் செலுத்த வேண்டும். ஊழியர் நம்பிக்கை நிதிக்குத் தொழில்தருநர் 3 வீதம். வேலைத்தள விபத்துக்கு 1934ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச்சட்டம் உண்டு.

மிதிவெடிகளைத் தடைசெய்து, புதைந்தவற்றை அகற்றவும் கோரும் ஒட்டாவா உடன்படிக்கையில் இலங்கை 2017 டிசம்பரில் இணைந்தது. நிலம் முழுதும் துப்புரவானதும் இவர்களின் வேலை முடிந்துவிடும். அதற்கு முன்பே மாற்றுத்தொழில் பயிற்சி இவர்களுக்குக் கிடைக்க வேண்டும்.