66 கூப்பன்களும் ஓர் ஊசியும்

பழைய பாணி உடைகளைத் தேடி அணியும் மேனாட்டவரிடையே 1940களின் ஆங்கிலேய உடைகளுக்குத் தனி மதிப்பு உண்டு. சற்றே அகன்ற தோள், ஒடுங்கிய இடை, முழங்காலுக்குச் சிறிது கீழே நின்றுவிடும் மடிப்புக் குறைந்த பாவாடை, ஆடம்பரமற்ற பொத்தான்கள் ஆகியவை அவ்வுடைகளின் அடையாளம். அக்காலத் தையல் படிவங்களை விலைகொடுத்து வாங்கிப் புதிதாகத் தைப்பவர்கள் இருக்கிறார்கள். பூச்சி அரித்துக் கிடைத்த கம்பளிச் சட்டையை மாதக்கணக்கில் இழை இழையாகச் சீர்படுத்துபவர்களும் இருக்கிறார்கள். அந்த வடிவத்தைத் தீர்மானித்தது கலைஞர்களின் ரசனை மட்டுமன்று. பாவாடைக்கு இத்தனை மடிப்பு, சட்டைக்கு இத்தனை பொத்தான், இத்தனை பை என்று அரசாங்கம் ஆணை பிறப்பித்திருந்தது. அந்த ஆணைகளின் வரலாறு, ஒட்டுப் போட்ட உடை எப்போது இழிவாகிறது, எப்போது கண்ணியமாகிறது என்ற கேள்வியையும் உடன் கொண்டுவருகிறது.

1941 ஜூன் 1, ஞாயிற்றுக்கிழமை. கடைகள் மூடியிருந்த அன்று வணிகத்துறைப் பொறுப்பிலிருந்த ஆலிவர் லிட்டெல்டன் வானொலியில் பேசினார். அந்நிமிடம் முதல் பிரிட்டனில் உடை வாங்கப் பணம் மட்டும் போதாது, கூப்பனும் வேண்டும் என்றார். செய்தி முன்கூட்டிக் கசிந்தால் மக்கள் கடைகளில் குவிந்துவிடுவார்கள் என்று அஞ்சி, உடைக்கெனத் தனிக் கூப்பன் புத்தகம்கூட அச்சிடப்படவில்லை. உணவுப் பங்கீட்டுப் புத்தகத்தில் மார்ஜரினுக்காக ஒதுக்கி மிஞ்சியிருந்த தாள்களையே முதலில் உடைக் கூப்பனாகப் பயன்படுத்தினார்கள். பிரதமர் சர்ச்சில் இத்திட்டத்துக்கு எளிதில் இசையவில்லை. ஏழை மக்களைக் கந்தல் உடுத்தச் செய்வதா என்பது அவருடைய ஆட்சேபம். பிஸ்மார்க் என்னும் ஜெர்மானியப் போர்க்கப்பலைத் துரத்துவதில் அவர் கவனம் முழுவதும் இருந்த நாட்களில்தான் அனுமதி கிடைத்தது என்று லிட்டெல்டன் பின்னாளில் எழுதிவைத்தார்.

பெரியவர் ஒருவருக்கு முதல் ஆண்டில் 66 கூப்பன்கள். ஒரு கவுனுக்கு 11, ஆண்களின் சட்டைக்கு 8, ஆண்களின் காலணிக்கு 7, பெண்களின் காலணிக்கு 5, ஒரு ஜோடி காலுறைக்கு 2 என்று கணக்கு. போர் நீள நீள இந்த ஒதுக்கீடு சுருங்கிற்று. போர் முடிந்த பிறகும் நெருக்கடி தீரவில்லை. 1945 செப்டம்பர் முதல் 1946 ஏப்ரல் வரையிலான 8 மாதங்களுக்கு ஒருவருக்குக் கிடைத்தவை 24 கூப்பன்களே. நாட்டு மக்களில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கினர் ஏதேனும் ஒரு சீருடைக்கு உரியவர்களாய் இருந்தனர். பஞ்சும் கம்பளியும் ஏற்றிவர வேண்டிய கப்பல்கள் ஆயுதங்களை ஏற்றின. நெசவாலைத் தொழிலாளர்கள் வேறு தொழிற்சாலைகளுக்கு மாற்றப்பட்டனர். ஆகவே குறைந்த துணியை எல்லார்க்கும் பங்கிட வேண்டிய கட்டாயம் ஏற்பட்டது.

பங்கீடு என்றவுடன் நீதி என்று எண்ணிவிடுகிறோம். எண்ணிக்கையில் மட்டும் சமம் வைத்தால் அது நீதியாகிவிடாது என்பதற்கு இந்தக் கூப்பனே சாட்சி. செல்வர் தம் கூப்பனைக் கொடுத்துப் பத்தாண்டு உழைக்கும் கம்பளிக் கோட்டை வாங்குவார். கூலித் தொழிலாளியும் அதே எண்ணிக்கையில் கூப்பனைக் கொடுப்பார். அவர் கையிலுள்ள பணத்துக்கோ ஓராண்டில் நைந்துபோகும் கோட்டுதான் கிடைக்கும். கூப்பன் இருவருக்கும் ஒன்று, துணி ஒன்றன்று. செல்வரின் அலமாரியில் போருக்கு முன்பே வாங்கி அடுக்கிய உடைகளும் இருந்தன.

இந்தக் குறையை ஆட்சியாளர் உணர்ந்தனர் என்பதே அவ்வரலாற்றில் நான் பெரிதும் மதிக்கும் பகுதி. 'யுடிலிட்டி' என்ற பெயரில் ஒரு திட்டம் வந்தது. துணியின் தரம் இவ்வளவு இருக்க வேண்டும், விலை இதற்கு மேல் போகக் கூடாது என்று இரண்டையும் அரசு வரையறுத்தது. 1942 முதல் இவ்வுடைகளுக்கு விற்பனை வரியும் நீக்கப்பட்டது. ரெஜினால்ட் ஷிப் என்பவர் வரைந்த 'சிசி41' என்னும் முத்திரை ஒவ்வோர் உடையின் உட்புறத்திலும் பதிந்தது. வெட்டிய பாலாடைக்கட்டியைப் போலத் தோன்றும் அம்முத்திரையை மக்கள் 'சீஸ்' என்றே வேடிக்கையாக அழைத்தனர். இன்று பழைய உடை சேகரிப்போர் முதலில் தேடுவது அதைத்தான். நார்மன் ஹார்ட்னெல், ஹார்டி ஏமிஸ், டிக்பி மார்ட்டன் முதலிய புகழ்பெற்ற ஆடை வடிவமைப்பாளர்கள் இத்திட்டத்துக்கு மாதிரிகள் வரைந்து கொடுத்தனர். சீமாட்டிகளுக்குத் தைத்தவர்களின் வடிவமைப்பு, ஆலைத் தொழிலாளிப் பெண்ணுக்கு எட்டும் விலையில் கிடைத்தது.

இதனுடன் சிக்கன ஆணைகளும் வந்தன. பூவேலையும் அலங்கார ஓரங்களும் தடை செய்யப்பட்டன. ஆண்களின் கோட்டில் இரட்டை வரிசைப் பொத்தான் கூடாது. கால்சட்டையின் அடியில் மேல்நோக்கி மடித்துவிடும் பட்டையும் கூடாது. இந்தக் கடைசித் தடைதான் ஆண்களை மிகவும் புண்படுத்தியதாம்! வேண்டுமென்றே நீளமான கால்சட்டையை வாங்கி, வீட்டில் மனைவியைக் கொண்டு மடித்துத் தைத்துக்கொண்டவர்கள் பலர். குண்டு விழும் காலத்திலும் மனிதன் விட்டுக்கொடுக்க மறுப்பவை எவை என்று பார்த்தால் வியப்பாக இருக்கிறது. 1944இல் ஆண்களுக்கான இக்கட்டுப்பாடுகள் நீக்கப்பட்டன.

அடுத்துத் தொடங்கியது பழுதுபார்க்கும் இயக்கம். 'உள்ளதைக் கொண்டு ஒப்பேற்று, கிழிந்ததைத் தைத்துக்கொள்' என்ற பொருளுடைய முழக்கத்தை அரசு பரப்பியது. அதன் வேர் கடற்படையில் இருந்தது. மாலுமிகள் தம் உடையைத் தைத்துக்கொள்ள விடப்பட்ட ஓய்வு நேரத்துக்கு ஏறக்குறைய அதே பெயர். 1943இல் ஒரு கையேடும் வெளிவந்தது. 'மிஸஸ் ஸோ-அண்ட்-ஸோ' என்ற பொம்மைப் பெண் விளம்பரங்களில் தோன்றி அறிவுரை கூறினாள். ஆங்கிலத்தில் 'இன்னார்' என்பதும் 'தை' என்பதும் ஒரே ஒலியில் அமைவதால் வந்த பெயர் அது. ஊர்தோறும் தையல் வகுப்புகள் நடந்தன. பெண்கள் தன்னார்வச் சேவை அமைப்பு குழந்தை உடைகளுக்கான மாற்று நிலையங்களை நடத்தியது. தன் பிள்ளைக்குச் சிறுத்துப்போன உடையைத் தாய் கொடுப்பாள். அதற்குரிய மதிப்பெண்ணைக் கொண்டு வேறொரு பிள்ளை அணிந்து வளர்ந்த உடையை எடுத்துக்கொள்வாள்.

அக்காலப் பெண்கள் செய்த வேலைகளை நம் வீட்டுப் பெண்கள் கேட்டால் அந்நியமாகத் தோன்றாது. கழுத்து நைந்த சட்டையின் காலரைப் பிரித்து, தேயாத பக்கம் வெளியே வருமாறு திருப்பித் தைத்தார்கள். படுக்கை விரிப்பு எப்போதும் நடுவில்தான் முதலில் நையும். அதை நீளவாக்கில் இரண்டாகக் கிழித்து, தேயாத இரு கரைகளையும் நடுவே சேர்த்துத் தைத்து, நைந்த பகுதியை ஓரங்களுக்குத் தள்ளினார்கள். கம்பளிப் பின்னலைப் பிரித்து, நூலைச் சிட்டமாகச் சுற்றி அலசி, சுருள் நீங்க உலர்த்தி, மறுபடியும் பின்னினார்கள். முழங்கை தேய்ந்த கோட்டுக்குத் தோல் துண்டை ஒட்டாகத் தைத்தார்கள். கணவன் சீருடையில் களத்தில் இருக்க, அவன் விட்டுச்சென்ற கோட்டும் கால்சட்டையும் மனைவியின் கோட்டும் பாவாடையுமாக மாறின. போர் முடிந்த பின் மிச்சமான பாராசூட் துணி கூப்பனின்றி விற்கப்பட்டது. முக்கோணத் துண்டுகளாகக் கிடைத்த அந்தப் பட்டையும் நைலானையும் இணைத்து மணப்பெண்ணுக்கு உடை தைத்தவர்கள் உண்டு.

கிழிசலைச் சீர்படுத்தும் 'டார்னிங்' என்ற வேலையைச் சற்று விளக்க வேண்டும். துளையைச் சுற்றி வலுவான துணி தொடங்கும் இடத்திலிருந்து நூலை நெடுக்காக ஓட்ட வேண்டும். பிறகு குறுக்காக, ஓர் இழைக்கு மேலும் அடுத்த இழைக்குக் கீழுமாக ஊசியைச் செலுத்தி அத்துளையை நெய்தே மூட வேண்டும். நூலை இழுத்துப் பிடித்தால் துணி சுருங்கும், தளரவிட்டால் புடைக்கும். ஒரு காலுறையின் குதிகாலுக்கு ஒரு மாலைப்பொழுது போய்விடும். பகல் முழுதும் தொழிற்சாலையில் நின்று, இரவில் விமானத் தாக்குதலுக்கு அஞ்சி விழித்திருந்த பெண்கள் இடையில் கிடைத்த நேரத்தில் இதைச் செய்தார்கள். அந்த உழைப்பை விளம்பரப் பொம்மையின் புன்னகை மறைத்துவிடக் கூடாது.

உண்மையில் ஏழைத் தாய்மார்களுக்கு இக்கையேட்டில் புதிதாக ஒன்றுமில்லை. அவர்கள் தலைமுறை தலைமுறையாக ஒட்டுப் போட்டவர்கள். அந்த ஒட்டை மறைக்கப் பாடுபட்டவர்கள். வசதி படைத்தவர்களும் கூப்பனுக்குள் அடங்கியபோதுதான் ஒட்டு நாட்டுப்பற்றின் அடையாளமாயிற்று. ஒட்டின் இழிவு துணியில் இல்லை, அதை யார் அணிகிறார் என்பதில் இருக்கிறது. மதீனாவின் அமீராக இருந்த உமர் (ரலி) அவர்களின் இரு தோள்களுக்கு இடையே ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று ஒட்டுகள் இருக்கக் கண்டதாக அனஸ் (ரலி) அறிவிக்கும் செய்தி முவத்தாவில் உள்ளது. வகுப்பில் இதை நடத்தும்போது மாணவர்கள் எளிமை என்ற ஒரு சொல்லோடு கடந்துவிடுவார்கள். ஆட்சியாளரின் முதுகில் ஒட்டு இருக்கும் ஊரில் எந்த ஏழையும் தன் ஒட்டுக்காகத் தலைகுனிய வேண்டியதில்லை என்பதே அதில் எனக்குப் பெரிதாகப் படுகிறது. நபி (ஸல்) அவர்கள் தம் ஆடையைத் தாமே தைத்துக்கொள்வார்கள், செருப்பைத் தாமே சீர்செய்வார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) கூறியதும் நாம் அறிந்ததே. ஆயினும் ஊசி பிடிப்பது பெண்ணின் வேலை என்றே நம் வீடுகளிலும் இருக்கிறது.

ஒட்டுப் போடுவதற்கும் முதலில் ஒரு துணி வேண்டும் அல்லவா? பிரிட்டனில் அந்த அளவேனும் உறுதி செய்யப்பட்டது. அதே போர், அதே பேரரசு. ஆனால் அதன் கீழிருந்த நாடுகளின் நிலை வேறு. 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் வீழ்ந்தது. மலாயாவின் ரப்பர் ஜப்பானியர் கைக்குப் போனதால் ஆங்கிலேய வீடுகளில் எலாஸ்டிக் நாடா அரிதாயிற்று. இடுப்புக்குப் பொத்தானும் கயிறும் வைத்துத் தைத்துக்கொண்டார்கள். அந்த ரப்பரைப் பால் வெட்டி எடுத்துவந்தவர்களில் பலர் தமிழர்கள். அவர்களில் பல்லாயிரவர் சயாம்–பர்மா இரயில் பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்டு அங்கே மாண்டனர். ஆக்கிரமிப்புக் கால மலாயாவில் துணி கிடைக்காமல் சாக்கை உடுத்தியவர்கள் உண்டு.

வங்காளத்தின் கதை இன்னும் கொடியது. இந்திய ஆலைகள் படைகளுக்காக ஓயாமல் நெய்தன. வெளியிலிருந்து வந்த துணியோ நின்றுபோயிற்று. விலை எட்டாத உயரத்துக்குப் போனபின், 1943இல் துணிக் கட்டுப்பாட்டு ஆணையும் மலிவு விலை 'ஸ்டாண்டர்டு' துணித் திட்டமும் வந்தன. அவை கிராமத்து ஏழையைப் போதிய அளவில் எட்டவில்லை. இலட்சக்கணக்கானோரைக் கொன்ற உணவுப் பஞ்சத்தைத் தொடர்ந்து துணிப் பஞ்சமும் வாட்டியது. உடுத்த ஒன்றுமின்றிப் பெண்கள் குடிசையைவிட்டு வெளியே வர இயலாமல் கிடந்தார்கள். இறந்தவர்களுக்குக் கஃபன் இடவும் துணி இல்லை. ஆணுக்கு மூன்று, பெண்ணுக்கு ஐந்து, நெருக்கடியில் ஒன்று என்று கஃபன் துணியின் எண்ணிக்கையை ஃபிக்ஹு நூல்களில் மாணவர்களுக்குக் கற்பிக்கிறேன். உஹதுக் களத்தில் ஷஹீதான முஸ்அப் இப்னு உமைர் (ரலி) அவர்களின் போர்வை தலையை மூடினால் காலை எட்டவில்லை. காலுக்கு இத்கிர் என்னும் புல்லை இட்டார்கள். அன்று அந்தச் சமுதாயத்திடமே அவ்வளவுதான் இருந்தது. வங்காளத்தில் அப்படியன்று, நாட்டில் தறிகள் ஓடிக்கொண்டிருந்தன.

பிரிட்டனில் உடைப் பங்கீடு 1949 மார்ச் 15 அன்று முடிவுக்கு வந்தது. அதற்குச் சற்று முன்னர், 1947 நவம்பரில் நடந்த இளவரசி எலிசபெத்தின் திருமண உடைக்கும் கூப்பன் தேவைப்பட்டது. நாடெங்கிலுமிருந்து பெண்கள் தம் கூப்பன்களை அவருக்கு அனுப்பிவைத்தனர். ஒருவர் கூப்பனை மற்றொருவர் பயன்படுத்துவது சட்டவிரோதம் என்பதால் அவற்றைத் திருப்பி அனுப்ப வேண்டியதாயிற்று. யுடிலிட்டி திட்டம் 1952 வரை நீடித்தது.

இன்று அக்காலத்து உடைகளைச் சீர்படுத்துவோர் ஒன்றைக் கவனித்திருக்கிறார்கள். உள்தையலில் போதிய துணி விட்டிருந்தால் பிரித்து அகலப்படுத்தலாம். கம்பளி அடர்த்தியாக நெய்யப்பட்டிருந்தால் எண்பது ஆண்டுகளுக்குப் பிறகும் டார்னிங் இழையைத் தாங்கும். இப்போது கடையில் மலிவாகக் கிடைக்கும் மெல்லிய சட்டைகளில் ஊசி போன இடமே கிழிசலாகிவிடுகிறது. அருங்காட்சியகங்களிலும் சேகரிப்போர் அலமாரிகளிலும் எஞ்சியிருப்பவை பெரும்பாலும் அதிகம் அணியப்படாத நல்ல உடைகளே. பலமுறை ஒட்டுப் போடப்பட்டவை கோட்டிலிருந்து பாவாடையாகி, பாவாடையிலிருந்து குழந்தைச் சட்டையாகி, கடைசியில் தரை துடைக்கும் துணியாகித் தீர்ந்துபோயின.