நீரிழிவில் கொலஸ்ட்ரால் கட்டுப்பாடு

இரண்டாம் வகை நீரிழிவில் ட்ரைகிளிசரைடு ஏறும். நல்ல கொலஸ்ட்ராலான எச்.டி.எல். இறங்கும். கெட்ட கொலஸ்ட்ராலான எல்.டி.எல். அளவில் மிகாவிட்டாலும் அதன் துகள்கள் சிறுத்து அடர்ந்து தமனிச் சுவருக்குள் எளிதில் புகும். ஆகவே பரிசோதனைத் தாளில் மொத்தக் கொலஸ்ட்ரால் 180 என்றிருப்பதை மட்டும் பார்த்து நிம்மதி அடைவது தவறு.

அரிசியையும் இனிப்பையும் குறைப்பது, மதுவை விடுவது, நாள்தோறும் நடப்பது ஆகியவை ட்ரைகிளிசரைடை நன்றாக இறக்கும். எல்.டி.எல். அவ்வளவு எளிதில் அடங்காது. வனஸ்பதி, பாமாயிலை ஒதுக்கிப் பயறும் காய்கறியும் கூட்டினாலும் ஓரளவே குறையும். அங்கேதான் ஸ்டாட்டின் மாத்திரை தேவைப்படுகிறது. ஜப்பானிய அறிஞர் அகிரா எண்டோ 1970களில் பூஞ்சையிலிருந்து கண்டெடுத்த இவ்வகை மருந்து, கல்லீரல் கொலஸ்ட்ரால் தயாரிப்பதைத் தடுக்கிறது. இதய நோய் வந்திராத நீரிழிவாளர்களுக்கு நாளுக்கு 10 மி.கி. அட்டோர்வாஸ்டாட்டின் கொடுத்த கார்ட்ஸ் ஆய்வில் மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை 37 சதவீதம் குறைந்தன. முடிவு 2004இல் வெளியானது. இம்மருந்து ரத்தச் சர்க்கரையைச் சற்றே ஏற்றக்கூடும். இதயத்துக்குக் கிடைக்கும் காப்பு அதைவிடப் பெரிது.

அளவு சரியானதும் மாத்திரையை விட்டுவிடுவது பரவலான பிழை. விட்டால் சில வாரங்களில் எல்.டி.எல். பழைய நிலைக்கே ஏறிவிடும். தசைவலி கண்டாலோ கருத்தரிக்கத் திட்டமிட்டாலோ உடனே மருத்துவரிடம் சொல்லவேண்டும்.