அட்டை புத்தகமான கதை

கொமிக்ஸ் அட்டைப்படத்துக்கு ஆயுள் ஒரு மாதம். அடுத்த இதழ் கடையில் தொங்கியதும் பழையது அடியில் போய்விடும். பிறகு கடலைச் சுருளாகும். எங்கள் வெல்லாவெளிப் பக்கமென்றால் பிள்ளைகளின் கொப்பிக்கு உறையாகும். ஒரு மாதம் வாழ வரைந்த அந்தப் படம், வழவழப்பான தாளில், ஓவியரின் பெயரையே தலைப்பாகச் சுமந்த கனத்த புத்தகமாக அலுமாரியில் நிற்கிறதே, அந்த வழக்கம் எங்கே பிறந்தது?

எனக்கு இந்தப் புத்தகங்களில் பைத்தியம். சுவிஸிலிருந்து வரும் மாமியிடம் பெட்டியில் கொஞ்சம் இடம் கேட்டால், “சொக்லேட் வைக்கிற இடத்தில படப்புத்தகமா மனே?” என்பார். இலங்கையின் படுவான்கரையில் உட்கார்ந்துகொண்டு இவற்றைச் சேர்ப்பதற்கு வேறு வழி இல்லை.

கதை 1928இல் நியூயோர்க்கின் புரூக்ளினில் பிறந்த பிராங்க் பிரசெட்டாவிடமிருந்து தொடங்குகிறது. அவருக்கு முன்னும் அருமையாக அட்டை வரைந்தவர்கள் ஏராளம். ஆனால் அமெரிக்க கொமிக்ஸ் தொழிலில், வரைந்து கொடுத்த மூலப்படம் பதிப்பாளரிடமே தங்கிவிடும். அச்சானதும் அதைக் கிடங்கில் அடுக்குவார்கள், யாருக்காவது தூக்கிக் கொடுப்பார்கள், சில வேளை அழித்தும் விடுவார்கள். பெரிய கம்பனிகள் படங்களைத் திருப்பிக் கொடுக்கத் தொடங்கியது 1970களில்தான். ஜாக் கேர்பி போன்ற ஜாம்பவானே மார்வெலுடன் நெடுநாள் மல்லுக்கட்டி, தான் வரைந்த பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பக்கங்களில் சுமார் 2000ஐ மட்டும் 1987இல் மீட்டார். கையில் மூலப்படமே இல்லாதவர் எதை வைத்துப் புத்தகம் போடுவது?

பிரசெட்டா இந்த இடத்தில்தான் வேறுபட்டார். அல் காப் என்ற கார்ட்டூன்காரரிடம் ஒன்பது ஆண்டளவு கூலிக்கு வரைந்துவிட்டு 1961இல் வெளியே வந்தபோது, அவருடைய பாணி பழசாகிப்போனது என்றார்கள். 1964இல் வாரன் என்ற பதிப்பகம் ‘கிரீப்பி’ என்ற கறுப்பு வெள்ளைத் திகில் சஞ்சிகையைத் தொடங்கியது. சாதாரண கொமிக்ஸை விட அளவில் பெரியது என்பதால், 1954இலிருந்து அமெரிக்க கொமிக்ஸின் கழுத்தைப் பிடித்திருந்த தணிக்கை விதிகள் அதைக் கட்டுப்படுத்தவில்லை. முதல் இதழின் அட்டை ஜாக் டேவிஸ் வரைந்தது. இரண்டாவது பிரசெட்டாவின் எண்ணெய் வர்ண ஓவியம். வாரன் கொடுத்த காசு சொற்பம். ஆனால் என்ன வரைவது என்று யாரும் கட்டளை போடவில்லை. அச்சான பின் படமும் வீட்டுக்குத் திரும்பி வந்தது. 1966இல் லான்சர் பதிப்பகத்தின் ‘கோனன்’ நாவல்களுக்கு வரைந்தபோதும் மூலப்படத்தை அவர் விட்டுக்கொடுக்கவில்லை. திரும்பி வந்த படம் பிடிக்காவிட்டால், அச்சில் வந்து ஊரே பார்த்த பிறகும், தூரிகையை எடுத்துத் திருத்துவாராம்!

வீட்டில் சேர்ந்த படங்களை மனைவி எல்லி போஸ்டர்களாக விற்றார். கதையைப் படிக்காதவர்களும் படத்துக்குக் காசு தருவார்கள் என்பது அதில் தெரிந்தது. 1975இல் இயன் பலன்டைன், பெட்டி பலன்டைன் தம்பதியர், பன்டம் பதிப்பகத்தோடு சேர்ந்து, தங்கள் பீகொக் பிரஸ் வழியாகப் பிரசெட்டாவின் ஓவியங்களைப் பெரிய அளவில், மெல்லட்டைப் புத்தகமாகக் கொண்டுவந்தார்கள். மலிவுப் பதிப்புத் தொழிலில் ஊறிய கைகள் அவை. அதனால்தான் பணக்காரரின் வரவேற்பறை மேசைக்கென்று அல்லாமல், மாணவனும் வாங்குகிற விலைக்கு அது வந்தது என்பது என் கணிப்பு. 1985க்குள் மேலும் நான்கு பாகங்கள் வந்தன. அதே 1975இல் இங்கிலாந்தில் ரொஜர் டீனின் இசைத்தட்டு உறை ஓவியங்களும் புத்தகமாயின. 1978இல் ஓவியர் பொரிஸ் வயெகோவுக்கும் ஒன்று வந்தது. பாதை போட்டாகிவிட்டது.

பிரசெட்டா மூலப்படங்களை வீட்டிலேயே வைத்திருந்ததன் பெறுமதி பின்னாளில் தெரிந்தது. 1969இல் ‘ஈரி’ சஞ்சிகையின் அட்டைக்கு அவர் வரைந்த எகிப்திய ராணி 2019இல் 54 லட்சம் டொலருக்கு ஏலம் போனாள்.

இந்தப் புத்தகங்களில் நான் முதலில் பார்ப்பது படத்தின் மேல்பகுதியை. கடையில் தொங்கும் அட்டையில் பத்திரிகைப் பெயர், விலை, இதழ் எண் எல்லாம் அங்கேதான் குந்தியிருக்கும். ஓவியர் அதற்கு இடம்விட்டே வரைய வேண்டும். எழுத்துகளை நீக்கி அச்சிட்ட புத்தகத்தில் அந்த இடம் வெறும் வானமாக, புகையாக, இருட்டாகத் திறந்து கிடக்கும். நல்ல ஓவியர் கையில் அந்த வெறுமையே படத்தின் பயமாகிவிடும். மற்றவர் கையில் அது வாடகைக்கு விட்ட காணி. இதைப் படித்துக்கொள்ள அட்டைகளின் தொகுப்பை விட நல்ல பள்ளிக்கூடம் எனக்குக் கிடைக்கவில்லை.

டேவ் மக்கீன் இந்த விளையாட்டையே மாற்றினார். ‘சாண்ட்மேன்’ என்ற கொமிக்ஸ் 1989 முதல் 1996 வரை 75 இதழ்கள் வந்தது. அத்தனைக்கும் அட்டை அவருடையது. கதாநாயகன் ஒவ்வொரு அட்டையிலும் நிற்கத் தேவையில்லை என்று வாதாடி வென்றார். மரத் தட்டுகளில் பழம்பொருள்களை அடுக்கி, ஓவியத்தையும் புகைப்படத்தையும் கலந்து செய்த அந்த அட்டைகள் 1997இல் தனி நூலாயின. என்னிடம் இருப்பவற்றில் இதைத்தான் யாருக்கும் இரவல் தருவதில்லை.

நம் பக்கம் கதை வேறு. ‘கிரீப்பி’ தொடங்கிய அதே 1964இல் பம்பாயில் இந்திரஜால் காமிக்ஸ் தொடங்கியது, அதன் நாயகரான வேதாளரைப் பி. கோவிந்த் அட்டைகளில் தீட்டினார். 1972இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் இரும்புக்கை மாயாவியோடு வந்தது. உள்ளே வரைந்தவர் ஸ்பெயின்காரர் ஹெசூஸ் பிளாஸ்கோ. 1984இல் லயனும் ராணி காமிக்ஸும் சேர்ந்துகொண்டன. இலங்கையிலோ 1970களின் தொடக்கத்தில் இந்தியச் சஞ்சிகைகளின் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு. முத்து பிறந்தது சரியாக அந்தக் காலத்தில்.

தமிழ்நாட்டில் அட்டைக் கலை புத்தகமானது மூலப்படத்திலிருந்து அல்ல, அச்சான பிரதியிலிருந்து. சென்னையின் பிளாஃப்ட் பதிப்பகம் 2008இல் தமிழ் மர்மக் கதைகளை ஆங்கிலத்தில் தொகுத்தபோது கதைகளோடு அட்டைப்படங்களுக்கும் இடம் கொடுத்தது. பின்பு மாத நாவல் அட்டைகளை அஞ்சலட்டைப் புத்தகமாகவே போட்டது. 2007இல் தாரா புக்ஸ் சினிமா பேனர் ஓவியங்களைப் புத்தகமாக்கியது. சிவகாசி நாட்காட்டிகளுக்கும் அதே ஆண்டில் கஜ்ரி ஜெயினின் ஆய்வு நூல் வந்தது. கொமிக்ஸ் அட்டைக்கும் அப்படி ஒன்று வரவேண்டுமானால், அதற்கு மூலதனம் யாரோ ஒருவரின் தகரப் பெட்டியில் கிடக்கும் பழைய இதழ்தான்.

எங்கள் பக்கத்தில் அந்தப் பெட்டிகள் பட்ட பாடு கொஞ்சமல்ல. 1978 நவம்பர் சூறாவளி, இடப்பெயர்வுகள், 2011 வெள்ளம். அரிசியையும் பிள்ளையையும் தூக்கிக்கொண்டு ஓடுகிறவர் மாயாவியைத் தூக்குவாரா? தப்பியவற்றுக்கும் வேறொரு எதிரி உண்டு. வாசிகசாலைகளில் பைண்ட் பண்ணும்போது அட்டையை உரித்துப் போட்டுவிட்டு உள்பக்கங்களை மட்டும் தைக்கிற பழக்கம். 2005இல் தொடங்கிய நூலகம் என்ற எண்ணிம நூலகத்தில் ஈழத்துச் சஞ்சிகைகளைப் புரட்டும்போது நான் முதலில் தேடுவது அட்டை இருக்கிறதா என்றுதான்.

ஆகவே பழைய முத்துவோ ராணியோ கையில் இருந்தால், பைண்டரிடம் கொடுக்கும்போது அட்டையையும் சேர்த்துத் தைக்கச் சொல்லுங்கள். பக்கத்தில் நின்று சொல்லுங்கள், இல்லாவிட்டால் கழற்றிவிடுவார்.