துகள் போன தடத்தைக் கம்பிகளில் பிடித்தவர்



அறிவியல் வரலாறு என்றதும் கோட்பாடு தந்தவர்களின் பெயர்தான் நமக்கு முதலில் நினைவுக்கு வரும். கருவி செய்தவர்களை அவ்வளவாகப் பேசுவதில்லை. இன்று அப்படி ஒருவரைப் பற்றி எழுதுகிறேன். பெயர் ஜார்ஜ் ஷார்பாக்.

முதலில் கொஞ்சம் பழைய கதை. 1908-ல் மான்செஸ்டரில் ரூதர்ஃபோர்டும் கைகரும் ஒரு கருவி செய்தார்கள். உலோகக் குழாய், உள்ளே வாயு, நடுவில் மெல்லிய கம்பி, உயர் மின்னழுத்தம். அவ்வளவுதான். மின்னூட்டம் உள்ள துகள் வாயுவில் பாயும்போது அணுக்களிலிருந்து எலக்ட்ரான்களைப் பிய்த்துவிடும். அவை கம்பியை நோக்கி ஓடும். கம்பி மெல்லியது என்பதால் அதன் அருகே மின்புலம் மிக வலுவாக இருக்கும். அங்கே ஒரு எலக்ட்ரான் பலவாகி, பல ஆயிரமாகி, அளக்கக்கூடிய மின்துடிப்பாக மாறும். 1928-ல் கைகரும் முல்லரும் இதை மேம்படுத்தியதுதான் நீங்கள் பாடத்தில் படித்த கைகர்-முல்லர் எண்ணி.

இதில் ஒரு குறை. துகள் வந்தது என்று சொல்லும். எந்த வழியாகப் போனது என்று சொல்லாது.

வழியைக் காட்ட 1952-ல் டொனால்ட் கிளேசரின் குமிழி அறை வந்தது. சூடேறிய திரவத்தில் துகள் போன பாதை நெடுக நுண்ணிய குமிழிகள் தோன்றும். அதைப் புகைப்படம் எடுப்பார்கள். படங்கள் லட்சக்கணக்கில் குவிந்தன. அவற்றைப் பெரிதாக்கி மேசையில் விழச்செய்து, தடங்களைக் கண்ணால் பார்த்துக் குறித்தவர்கள் பெரும்பாலும் பெண்கள். அவர்கள் பெயர்கள் பாடநூலில் இல்லை. எவ்வளவு உழைத்தாலும் அரிதிலும் அரிதான நிகழ்வுகளைத் தேட அந்த வேகம் போதவில்லை.

இனி ஷார்பாக். 1924-ல் அன்றைய போலந்தில் யூதக் குடும்பத்தில் பிறந்தவர். ஏழு வயதில் பெற்றோருடன் பாரிஸுக்கு வந்தார். போர்க் காலத்தில் நாஜிகளுக்கு எதிரான இயக்கத்தில் சேர்ந்து 1943-ல் கைதானார். அடுத்த ஆண்டு டாஹாவ் வதைமுகாமுக்கு அனுப்பப்பட்டார். 1945-ல் முகாம் விடுவிக்கப்பட்டபோது அவருக்கு இருபது வயது. பிறகு படித்து, 1959-ல் ஜெனீவாவின் செர்ன் ஆய்வகத்தில் சேர்ந்தார்.

ஒரு கம்பிக்குப் பதில் பல கம்பிகளை வரிசையாகக் கட்டினால் என்ன? யோசனை எளிது. ஆனால் ஒரு கம்பியில் எழும் துடிப்பு பக்கத்துக் கம்பிகளுக்கும் தாவி எல்லாம் குழம்பிவிடும் என்றுதான் கருதப்பட்டது. ஷார்பாக் கட்டியே பார்த்தார். 1968-ல் ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் இடைவெளியில் கம்பிகளைக் கட்டிய சிறிய அறை அது. துகள் எந்தக் கம்பி அருகே போனதோ அதில் எதிர்த்துடிப்பு. பக்கத்துக் கம்பிகளிலோ நேர்த்துடிப்பு! குழப்பத்துக்கு இடமே இல்லை. ஒவ்வொரு கம்பியும் தனித்தனி எண்ணியாக வேலை செய்தது.

அப்போது டிரான்சிஸ்டர் மலிவாகியிருந்ததால் கம்பிக்கு ஒரு பெருக்கி வைக்க முடிந்தது. துடிப்புகள் நேராகக் கணினிக்குப் போயின. பழைய முறைகளைவிட ஆயிரம் மடங்கு வேகம். எலக்ட்ரான் கம்பியை எட்ட எடுக்கும் நேரத்தையும் அளந்தால், துகள் போன இடத்தை மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு வரை சொல்லலாம் என்பதும் பின்னர் தெளிவானது. 1974-ல் அமெரிக்காவில் சாமுவேல் டிங் குழு ஜே/சை துகளைக் கண்டபோது இத்தகைய கம்பி அறைகள்தான் உதவின. 1992-ல் ஷார்பாக்குக்கு நோபல் பரிசு கிடைத்தது. உடலில் படும் கதிர்வீச்சைக் குறைத்து எக்ஸ்-ரே படம் எடுக்கவும் இதே வாயுக் கருவியை அவர் பயன்படுத்தினார்.

எனக்குப் பிடித்தது அதற்குப் பிறகு நடந்தது. 1996-ல், எழுபது வயதைக் கடந்த நிலையில், நண்பர்களுடன் சேர்ந்து பிரான்ஸின் தொடக்கப் பள்ளிகளுக்காக ஒரு திட்டம் தொடங்கினார். 'மாவில் கை வை' என்ற பொருள்படும் பெயர் அதற்கு. சிறு பிள்ளைகள் மனப்பாடம் செய்யாமல், தாங்களே சோதனை செய்து அறிவியல் கற்க வேண்டும் என்பதே நோக்கம். கம்பிகளைக் கட்டிப் பார்த்தவர் வேறு எதைச் சொல்வார்?

உங்களில் பலர் இன்று ஆசிரியர்கள், பலர் பெற்றோர். பிள்ளை "இப்படிச் செய்தால் என்ன ஆகும்?" என்று கேட்டால், விடை தெரிந்திருந்தாலும் உடனே சொல்லிவிடாதீர்கள். "செய்து பார்" என்று சொல்லுங்கள். பக்கத்தில் நின்று நீங்களும் பாருங்கள்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்